நீகாட்டா மினமாட்டா நோய்

நீகாட்டா மினமாட்டா நோய் என்பது சப்பானின் அகானோ ஆற்றங்கரை மக்களிடையே 1965 ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட மெத்தில்பாதரச நச்சு நோய் ஆகும். இது நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. கை கால் மரத்துப்போதல், பார்வைப் புலம் சுருங்குதல், தள்ளாட்டம் ஆகியன இதன் அறிகுறிகள்.

ஆற்றின் மேற்பகுதியில் இருந்த சோவா டென்கோ நிறுவனத்தின் அசிட்டால்டிகைடு ஆலை, பாதரசக் கழிவை ஆற்றில் கலந்தது. நீரில் சிறிதளவே இருந்த நஞ்சு, நுண்ணுயிரிகள், பூச்சிகள், சிறுமீன்கள், பெருமீன்கள் என உணவுச் சங்கிலியில் படிப்படியாகச் செறிவடைந்தது. ஆற்று மீனை மிகுதியாக உண்டவர்கள் நோயுற்றனர். நோயாளிகளின் தலைமுடியில் இருந்த பாதரச அளவு, நோயை இனங்காண மருத்துவர்களுக்கு உதவியது.

மினமாட்டாவில் இந்நோய் 1956 இலேயே அறியப்பட்டிருந்தும், அதே வேதிமுறையில் இயங்கிய இவ்வாலையின் கழிவு தடுக்கப்படவில்லை. 1967 இல் தொடரப்பட்ட வழக்கில், 1971 இல் பாதிக்கப்பட்டோருக்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்கப்பட்டது.