மரக்கட்டையில் சத்துத் தனிமங்களின் பருவகால மாற்றம்

தண்டு, கிளை, வேர் ஆகியவற்றின் கட்டையிலும் பட்டையிலும் உள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் முதலிய தனிமங்களின் அளவு பருவத்துக்குப் பருவம் கூடுவதும் குறைவதும் பருவகால மாற்றம் எனப்படும். குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் மிதவெப்ப மண்டல மரங்களில் இது தெளிவாகத் தெரியும்.

கட்டையின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். மீதியில் பெரும்பகுதி ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். நைட்ரஜன் பெரும்பாலும் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. இவ்வளவு சொற்பம் என்றாலும் வசந்தத்தின் முதல் தளிர்கள் பெரிதும் இந்த இருப்பை நம்பியே விரிகின்றன. மண் குளிர்ந்து கிடக்கும் அந்த நாட்களில் வேரால் போதிய சத்தை உறிஞ்ச முடியாது.

சேமிப்பு இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். பகல் குறுகக் குறுக இலையின் புரதங்கள் அமினோ அமிலங்களாக உடைந்து, உணவைக் கடத்தும் ஃபுளோயம் வழியே தண்டுக்குத் திரும்புகின்றன. பல இனங்களின் சராசரியைப் பார்த்தால், இலையிலிருந்த நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் பாதியளவு இப்படி மீட்கப்படுகிறது. பாப்லர் மரத்தில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அதன் உட்பட்டையிலும் கட்டையின் கதிர்ச் செல்களிலும் பட்டைச் சேமிப்புப் புரதம் திரள்கிறது. கோடையில் செல்லுக்குள் ஒரே பெரிய நீர்ப்பையாக இருக்கும் வாக்குவோல், குளிர்காலத்தில் புரதம் நிறைந்த பல சிறு பைகளாகப் பிரிந்திருப்பதை நுண்ணோக்கியில் காணலாம். வசந்தத்தில் அப்புரதம் கரைந்து, பெரும்பாலும் குளுட்டமினாக மாறி, நீரைக் கடத்தும் சைலத்தின் சாற்றில் ஏறி மொட்டுகளை அடைகிறது.

கால்சியத்தின் போக்கு வேறு. ஃபுளோயத்தில் அது எளிதில் நகராது என்பதால், இலைக்குப் போன கால்சியம் பெரும்பாலும் இலையோடே உதிர்கிறது. பட்டையில் ஆக்சலேட் படிகமாகத் தங்குவதும் உண்டு. பொட்டாசியமோ தாராளமாக நகரும். கட்டைக்கும் பட்டைக்கும் இடையே வளரும் அடுக்கான கேம்பியம் விழித்துப் புதுச் செல்கள் விரியும் காலத்தில் அவ்விடத்தில் அதன் செறிவு உயர்கிறது.

வட அமெரிக்கச் சர்க்கரை மேப்பிளில் சாற்றின் வழியே நடக்கும் சத்துப் போக்குவரத்தைக் கண்ணாலேயே காணலாம். இரவில் உறைபனியும் பகலில் உருகலும் மாறி மாறி வரும் குளிர்காலக் கடைசியில், தண்டில் துளையிட்டுச் சாறு இறக்குகிறார்கள். சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். காய்ச்சும்போது சட்டியில் நறநறவெனப் படியும் 'சர்க்கரை மணல்' பெரும்பாலும் கால்சியம் மாலேட் ஆகும். மொட்டு விரியத் தொடங்கியதும் சாற்றின் நைட்ரஜன் சேர்மங்கள் மாறிப் பாகின் சுவை கெடும் என்பதால், அத்தோடு இறக்குவதை நிறுத்திவிடுவார்கள்.

தண்டின் மையத்திலுள்ள வைரக்கட்டையில் உயிருள்ள செல்கள் இல்லை. பருவ மாற்றமும் அங்கே மிகக் குறைவு. ஏற்ற இறக்கம் பெரிதும் அதைச் சூழ்ந்த சாற்றுக்கட்டையிலும் பட்டையிலும்தான். பைன் போன்ற பசுமைமாறா மரங்கள் நைட்ரஜனைப் பெரும்பாலும் ஊசியிலைகளிலேயே வைத்துக்கொள்கின்றன. தேக்கில் பருவ ஒழுங்கே வேறு; அது இலையுதிர்ப்பது குளிரால் அன்று, வறட்சியால்.

எனவே கட்டையின் சத்தளவைப் பதிவு செய்வோர் இனம், வயது, தண்டின் பகுதி ஆகியவற்றோடு, மாதிரி எடுத்த மாதத்தையும் தவறாமல் குறிக்க வேண்டும். மாதம் தெரியாத இரண்டு அளவீடுகளை ஒப்பிடுவது முறையன்று.