பார் நீளம்: சங்கிலி ரம்பம் விறகுக்கு ஏற்ப அளவெடுத்த வரலாறு

வட அமெரிக்காவில் குளிர்காலத்துக்கு விறகு சேர்த்துவைக்கும் பண்ணை வீடுகளில் காணப்படும் சங்கிலி ரம்பம் பெரும்பாலும் 50 முதல் 60 சிசி வரை கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சினும் 16 முதல் 20 அங்குல நீளமுள்ள பாரும் கொண்டதாக இருக்கிறது. பார் என்பது எஞ்சின் பெட்டியிலிருந்து முன்னோக்கி நீண்டிருக்கும், ஓரம் முழுக்கப் பள்ளம் வெட்டிய தட்டையான எஃகுத் தகடு. பல் பதித்த சங்கிலி அந்தப் பள்ளத்தில் வழுக்கியபடி அதைச் சுற்றி ஓடும். மரத்தின் பருமனைப் பார்த்துப் பாரின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் இந்த அளவு நிலைபெற்ற வழியைத் தேடிச் சென்றால், மரத்தின் பருமன் அதில் மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பதும், எஞ்சினின் இழுவைத் திறனும் சங்கிலியின் பற்களும் அடுப்பின் வாயும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதும் தெரியவரும்.

கைவாள் காலத்தில் மரமே அளவுகோலாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆரகன், வாஷிங்டன், வட கலிஃபோர்னியா காடுகளில் டக்ளஸ் ஃபர், ரெட்வுட் ஆகிய பெருமரங்களை வீழ்த்திய தொழிலாளர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கும் நீண்ட இழுப்பு வாளைக் கையாண்டனர். அந்த வாள் மரத்தின் விட்டத்தோடு இருபுறமும் கை வீசி இழுப்பதற்கான இடத்தையும் சேர்த்த நீளம் உடையதாக இருந்தால்தான் பற்களுக்கிடையே சேரும் மரத்தூள் வெளியே வந்து விழும். ஆகவே 10 அடியும் அதற்கு மேலும் நீண்ட வாள்கள் அங்கே புழங்கின. அடிமரம் பருத்தும் பிசின் ஊறியும் இருந்தமையால், தொழிலாளர்கள் மரத்தில் பள்ளம் வெட்டி அதில் பலகையைச் செருகி, ஆள் உயரத்துக்கு மேல் அதன்மீது நின்று அறுத்தனர். வாளில் பிசின் ஒட்டிப் பிடிக்கும்போது தெளிப்பதற்காகக் கொக்கி மாட்டிய புட்டியில் மண்ணெண்ணெயை அருகிலேயே தொங்கவிட்டிருந்தனர்.

இந்த உழைப்பை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சியும் அதே பெருமரங்களை மனத்தில் வைத்தே தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ் 1905இல் முடிவற்ற சங்கிலி ரம்பம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றபோது ரெட்வுட் மரங்களை அறுப்பதே அவர் நோக்கமாக இருந்தது. ஆனால் தொழிலில் நிலைத்த இயந்திரங்கள் ஜெர்மனியில் உருவாயின. ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பத்தை உருவாக்கினார். எமில் லெர்ப் 1927இல் துரிங்கியா பகுதியின் டோல்மார் மலையில் சோதித்த பெட்ரோல் ரம்பம் 58 கிலோ எடையிருந்தது, அந்த மலையின் பெயரே பின்னர் அவருடைய நிறுவனத்தின் பெயராயிற்று. ஷ்டீல் 1929இல் கொண்டுவந்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ எடையும் 6 குதிரைத்திறனும் கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் இறக்குமதி நின்றதும் வட அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் இவற்றையொத்த இயந்திரங்களைத் தாங்களே செய்யத் தொடங்கினர்.

இந்த இயந்திரங்கள் எல்லாவற்றையும் தூக்குவதற்கு இருவர் வேண்டியிருந்தது என்பதில் பாரின் நீளத்துக்கு முக்கியமான தொடர்பு ஒன்று அடங்கியிருக்கிறது. ஒருவர் எஞ்சினைத் தாங்க, மற்றொருவர் பாரின் எதிர்முனையில் பொருத்திய கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். அப்படி முனையில் கைப்பிடியும் ஆளும் இருக்கும்வரை முனை மரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாக வேண்டும். ஆகவே இழுப்பு வாளைப் போலவே இந்த ரம்பமும் மரத்தின் விட்டத்தைவிட நீளமான பாரைச் சுமந்தது. எஞ்சின் வந்த பிறகும் பழைய வாளின் இலக்கணம் மாறவில்லை என்று இதைச் சொல்லலாம்.

அந்த இலக்கணத்தை மாற்றியவற்றுள் முதலாவது, சங்கிலியின் பல். தொடக்ககாலச் சங்கிலிகளின் பற்கள் இழுப்பு வாளின் பற்களைப் போல மரத்தைக் கீறிச் சுரண்டுபவையாக இருந்தன. அவை விரைவில் மழுங்கின, அவற்றை அராவுவதற்கே வேலைநேரத்தில் பெரும் பங்கு போயிற்று. ஆரகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் பஃபோர்டு காக்ஸ் என்ற மரத்தொழிலாளி 1946இல் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு மரக்கட்டையை வண்டுப்புழு இழையின் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒரே எளிமையுடன் தின்று செல்வதைக் கண்டார் என்றும், அதன் தாடைகள் இடமும் வலமும் மாறிமாறிக் கடிப்பதைப் பார்த்துப் புதிய பல்லை வடிவமைத்தார் என்றும் அவர் தொடங்கிய நிறுவனம் சொல்லிவருகிறது. கதையின் அழகு ஒருபுறமிருக்க, 1947இல் போர்ட்லாந்தில் விற்பனைக்கு வந்த அந்தச் சங்கிலியின் அமைப்பு இன்றைய சங்கிலிகளின் அடிப்படையாக நீடிக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறு மேடு, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. மரம் தூளாக உதிராமல் சீவலாக வெளியேறுகிறது. ஒரே உருண்டை அரத்தால் காட்டிலேயே அராவிக்கொள்ளவும் முடிகிறது.

இரண்டாவது மாற்றம் எடை. 1949இல் மெக்கலா நிறுவனத்தின் 3-25 என்ற ரம்பம் 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுடன் வந்தது. 1950இல் ஷ்டீலின் ஒற்றையாள் பெட்ரோல் ரம்பம் 16 கிலோவாக இருந்தது. 1959இல் வந்த ஷ்டீல் கான்ட்ரா, இடையில் பற்சக்கரங்கள் இன்றி எஞ்சினின் சுழற்சியை நேராகச் சங்கிலிக்குத் தந்து 12 கிலோ எடையில் 6 குதிரைத்திறனை வழங்கியது. எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் எரிபொருள் தடையின்றிச் செல்லும் சவ்வுக் கார்புரேட்டரும் பரவியதால் ஒரே ஆள் மரத்தை வீழ்த்தவும் துண்டு போடவும் கிளை கழிக்கவும் முடிந்தது. உதவியாளர் போனதோடு பாரின் முனைக் கைப்பிடியும் போயிற்று. முனை விடுபட்டதால் அதை மரத்துக்குள்ளேயே செருகி அறுக்கலாம்; ஒரு பக்கம் அறுத்துவிட்டு மறுபக்கம் சுற்றிவந்தும் அறுக்கலாம். இதனால் 16 அங்குலப் பாரைக் கொண்டு அதன் இருமடங்கை நெருங்கும் பருமனுள்ள மரத்தையும் முடித்துவிட முடிந்தது. மரத்தின் விட்டத்தைவிடப் பார் நீளமாக இருக்க வேண்டும் என்ற பழைய கட்டாயம் இங்கேதான் உண்மையில் முடிவுக்கு வந்தது; தொழில்நுட்ப வரலாறுகள் எடையைப் பற்றி நிறையப் பேசினாலும் இந்த விடுதலையை அவ்வளவாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கட்டாயம் நீங்கிய இடத்தில் கணக்கு வந்து அமர்ந்தது. சங்கிலியின் அளவைப் பிட்ச் என்ற சொல்லால் குறிப்பர். அடுத்தடுத்த மூன்று ஆணிகளுக்கிடையே உள்ள தொலைவில் பாதி அது. நடுத்தர ரம்பங்களில் பரவலாக உள்ள 3/8 அங்குலப் பிட்ச் சங்கிலியில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு பல் வரும். ஆகவே 12 அங்குலக் கட்டையை அறுக்கும்போது 8 பற்களும், 24 அங்குல மரத்தில் பார் முழுவதும் புதைந்திருக்கும்போது 16 பற்களும் ஒரே நேரத்தில் மரத்தைக் கடித்துக்கொண்டிருக்கும். சங்கிலியை ஓட்டும் ஏழு பல் சக்கரம் நிமிடத்துக்கு 9,000 முறை சுழன்றால் அந்தச் சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடும். கடிக்கும் பற்கள் இருமடங்காகும்போது 55 சிசி எஞ்சினால் அந்த வேகத்தைத் தாங்க முடியாமல் சுழற்சி குறைந்து, கிளட்ச் நழுவிச் சூடேறும். நீண்ட பாருக்கு எண்ணெயும் கூடுதலாக வேண்டும். சிறிய பம்பு அனுப்பும் எண்ணெய் முனை வரை போதாமல் பார் கருகுவதும் உண்டு. இதில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஒன்று உண்டு: நீண்ட பார் மெல்லிய கட்டையில் எஞ்சினைத் திணறடிப்பதில்லை, ஏனெனில் கட்டைக்குள் இருக்கும் பற்கள் மட்டுமே கடிக்கின்றன. திணறல் வருவது பார் முழுவதும் புதையும்போதுதான். மற்ற நேரங்களில் நீண்ட பார் முன்பாரமாகக் கையை இழுப்பதும், தரையில் கிடக்கும் கட்டையைத் துண்டு போடும்போது அதன் முனை மண்ணில் உரசிப் பற்களை மழுக்குவதுமே தொல்லை.

இந்தக் கணக்கை ஒவ்வொரு வட்டாரமும் தன் மரத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப முடித்துக்கொண்டது. பசிபிக் கரையில் மரம் பெரியது, ஆனால் ஃபர் மென்மையானது. பெருமரப் பழக்கத்தில் வளர்ந்த தொழிலாளர்கள் குனியாமல் நின்றபடியே கிளை கழிக்க உதவுகிறது என்பதற்காகவும் நீண்ட பாரைக் கைவிடவில்லை, எஞ்சினின் சுமையைக் குறைக்க மூன்றில் ஒரு பங்கு பற்களை விட்டுவிட்ட சங்கிலியைப் பூட்டிக்கொண்டனர். ஸ்வீடனில் ஸ்ப்ரூஸும் பைனும் மெலிந்தவை. வேலைநேரத்தின் பெரும் பகுதி கிளை கழிப்பதில் செல்வதால், ரம்பத்தை அடிமரத்தின் மேலேயே தாங்கவிட்டு நெம்பிச் செல்லும் ஒழுங்கான முறை அங்கே உருவாகி, 13, 15 அங்குலப் பார்கள் நிலைத்தன. கிழக்கு அமெரிக்காவில் ஓக், ஹிக்கரி, சர்க்கரை மேப்பிள் ஆகிய வைரம் பாய்ந்த மரங்களே விறகாதலால், அதே எஞ்சின் அங்கே பசிபிக் கரையைவிடக் குட்டையான பாரைக் கேட்டது.

நடுத்தர ரம்பம் என்ற வகை பெருவாரியான வீட்டுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகாகும். சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, எண்ணெயால் வீட்டைச் சூடாக்கிவந்த நியூ இங்கிலாந்து மக்கள் விறகடுப்புக்குத் திரும்பினர். வெர்மான்ட் காஸ்டிங்ஸ் என்ற இரும்படுப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது 1975இல்தான். அங்கே விறகு ‘கார்டு’ என்ற கொள்ளளவால் விற்கப்படுகிறது: 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளமாக அடுக்கிய குவியல், 128 கன அடி. வழக்கமான 4 அடிக் கட்டையை மூன்றாகப் போட்டால் ஒவ்வொரு துண்டும் 16 அங்குலம். வீட்டடுப்புகளில் பெரும்பாலானவை கொள்ளும் நீளமும் அதுவே. 16 அங்குலப் பார் பூட்டியவர் கட்டையின் மேல் பாரை நீளவாக்கில் வைத்தே துண்டின் அளவைக் குறித்துக்கொள்ள முடிந்தது. காடுவெட்டும் தொழிலாளிக்கான 70 சிசிக்கு மேற்பட்ட எஞ்சினுக்கும், தோட்டக் கிளை வெட்டும் 35 சிசி எஞ்சினுக்கும் இடையே பண்ணைக்காரருக்கென்று ஒரு வகை வளர்ந்தது, ஷ்டீலின் 56.5 சிசி ‘ஃபார்ம் பாஸ்’, ஹஸ்க்வர்னாவின் 55.5 சிசி ‘ராஞ்சர்’ போன்றவை பெயரிலேயே அந்த வாங்குபவரைக் காட்டுகின்றன.

பழக்கமற்ற கைகளில் ரம்பம் சென்றதன் விலையும் தெரியவந்தது. விடுபட்ட முனையின் மேற்பாதி மரத்தில் பட்டால் சங்கிலி கடித்து நின்று, பார் முழுவதும் பின்னோக்கி முகத்தை நோக்கி எகிறும், இதுவே உதைப்பு. கை பட்டதும் சங்கிலியை நிறுத்தும் பிரேக், முனை குறுகிய பார், மெதுவாகக் கடிக்கும் சங்கிலி ஆகியவை பரவி, 1985இல் அமெரிக்காவில் உதைப்பை அளந்து கட்டுப்படுத்தும் தரநிலையும் வந்தது. நீளமான பாரைவிடக் குட்டையான பாரின் முனை எங்கே இருக்கிறது என்பது கண்ணில் படுவதால், விறகு வெட்டுவோருக்குக் குட்டையானதையே பரிந்துரைப்பது வழக்கமாயிற்று.

இன்று 55 சிசி ரம்பத்துக்கு 20 அங்குலப் பார் பூட்டியே விற்பனை நடப்பது வாங்குபவரின் ஆசையைக் கருதித்தான் என்பதில் ஐயமில்லை. ஓக் மரத்தை நாள்முழுக்கத் துண்டு போடுபவர் அதே ரம்பத்துக்கு 16 அல்லது 18 அங்குலப் பார் ஒன்றையும் தனியே வாங்கி வைத்துக்கொள்கிறார். அப்படி மாற்றுகையில் அங்குலக் கணக்கு மட்டும் போதாது. பாரின் அடியில் முத்திரையிட்டிருக்கும் பிட்ச், பள்ளத்தின் அகலம், சங்கிலியில் பள்ளத்துக்குள் ஓடும் ஓட்டக் கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒத்துவர வேண்டும். 3/8 பிட்சில் 18 அங்குலப் பார் ஒரு நிறுவனத்துக்கு 66 கண்ணிகளும் மற்றொன்றுக்கு 68 கண்ணிகளும் கேட்பதால், நீளத்தை மட்டும் சொல்லி வாங்கிய சங்கிலி பொருந்தாமல் கடைக்குத் திரும்பிவருவது இன்றும் வழக்கமாக இருக்கிறது.