யந்திரத்தின் உஷ்ணமும் கள்ளக்குறிச்சிச் சீமையும்

1973-ஆம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங்கணினி நிறுவப்பட்ட காலத்தில், அத்தகைய யந்திரங்களுக்கென்றே குளிரூட்டப்பட்ட கூடங்களைக் கட்டி, அங்கே உஷ்ணமும் தூசியும் அணுகாதபடி காவல் காப்பதுதான் வழக்கமாக இருந்தது. அதன் வம்சத்தில் வந்த மேசைக் கணினி அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களின் கடைவீதிகளை வந்தடைந்தபோது அதற்குக் கூடமும் இல்லை, காவலும் இல்லை. தளம் சுடும் மாடி அறையில், தலைக்கு மேல் சுழலும் ஒற்றை விசிறியின் காற்றிலேயே அது ஜீவிக்க வேண்டியதாயிற்று. கணினியின் வேகத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதன் உஷ்ணத்தைத் தணித்த சிறு நகரத்து மெக்கானிக்குகளைப் பற்றி எழுதியவர்கள் அரியர். நம் ஊர்களில் கணினி நிலைத்து நின்றதற்கு அவர்களுடைய சாமர்த்தியமே முக்கிய காரணம் என்பது என் துணிபு.

கணினியில் படங்களைத் தீட்டும் கிராபிக்ஸ் கார்டு பெருநகரங்களுக்குள் விளையாட்டின் வழியாகப் பிரவேசித்தது. 1999-இல் வெளிவந்த ஜீஃபோர்ஸ் 256 கார்டின் தலையில் ஒரு சிறு விசிறி மட்டுமே இருந்தது. நம் சிறு நகரங்களிலோ அது பெரும்பாலும் விவாகத்தின் வழியாக வந்தது எனலாம். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மாலை மாற்றும் காட்சியில் பூமாரி பொழியவைக்கும் ‘மிக்ஸிங்’ தொழிலுக்கு 2010-இல் வெளியான அடோபி பிரீமியர் புரோ சிஎஸ்5 ஒரு திருப்பமாக அமைந்தது; அதுவரை பிராசசரின் தலையிலேயே விழுந்திருந்த சுமையில் பெரும்பகுதியை அது கிராபிக்ஸ் கார்டின் மேல் ஏற்றிற்று. அதே ஆண்டில் வந்த ஜிடிஎக்ஸ் 480 என்னும் கார்டு 250 வாட் மின்சாரத்தை உண்டு, 90 டிகிரியைத் தாண்டிய உஷ்ணத்திலேயே உழைத்ததால், உலகெங்கும் அதன் வெப்பமே பேச்சாயிற்று.

இவ்விடத்தில் நம் பஞ்சாங்கமும் கவனிக்கத் தக்கது. சித்திரையிலும் வைகாசியிலும் முகூர்த்தங்கள் நெருங்கி வருகின்றன; கத்திரி வெயிலும் அப்போதே கொளுத்துகிறது. எடுத்த படத்தையெல்லாம் மறு முகூர்த்தத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய ஸ்டூடியோவில், கார்டு மணிக்கணக்காக முழு பலத்தோடு ஓடும் காலமும் அறை 40 டிகிரியை நெருங்கும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. சுற்றியுள்ள காற்றின் உஷ்ணத்துக்கு மேல்தான் கார்டு தன் உஷ்ணத்தை ஏற்றிக்கொள்கிறது என்பது எளிய பௌதிகம். ஆகையால் மார்கழியில் 70 டிகிரி காட்டிய அதே கார்டு, ஒரு குறையும் இல்லாமலே வைகாசியில் 85 டிகிரியைக் காட்டக்கூடும். இதை அறியாமல் நல்ல கார்டைக் குற்றம் சொல்லிக் கழற்றியவர்கள் உண்டு.

வெயிலோடு தூசியும் சேர்ந்தது. கள்ளக்குறிச்சியைச் சுற்றி அரிசி ஆலைகள் மிகுதி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். உமித்தூசியும் சாம்பலும் காற்றில் கலந்த பிரதேசத்தில் விசிறி எதை உள்ளே இழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்திலோ நிலைமை இன்னும் மோசமாயிற்று: இன்வெர்ட்டர் கணினியைத் தாங்கிற்று, ஏ.சி.யைத் தாங்கவில்லை, யந்திரம் ஓடிக்கொண்டே இருக்க, அறை மட்டும் வெந்தது.

இந்த நெருக்கடியில்தான் மெக்கானிக்கின் கிரமம் உருவாயிற்று. வாடிக்கையாளர் “ரெண்டரிங் போட்டா ஹேங் ஆகுது, விசிறி சத்தம் தாங்கலைங்க” என்று சொல்லும்போது, தேர்ந்த மெக்கானிக் உடனே திருப்புளியை எடுப்பதில்லை. ஜிபியு-இசட் போன்ற மென்பொருளில் சும்மா இருக்கும்போது எத்தனை டிகிரி, சுமை ஏறும்போது எத்தனை டிகிரி என்று பார்ப்பார். சுமை ஏறிய சில விநாடிகளிலேயே உஷ்ணம் பாய்ந்து ஏறினால், சில்லுக்கும் அதன் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து தொடர்பு விட்டிருக்கிறது. கால் மணி நேரம் மெல்ல மெல்ல ஏறினால், வெப்பம் கேபினட்டை விட்டு வெளியேற வழியில்லாமல் தவிக்கிறது. பின்பு கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி மறுபடியும் ஓட்டுவார். பத்து டிகிரி இறங்கினால் குற்றம் காற்றோட்டத்தில், இறங்காவிட்டால் கார்டில். ஒரு காசு செலவில்லாத இந்தச் சோதனையைக் காட்டிலும் பிரயோஜனமான சோதனையை நான் கண்டதில்லை.

கார்டைக் கழற்றி விசிறியின் உறையை நீக்கினால், ஹீட்சிங்கின் மெல்லிய அலுமினியத் தகடுகளின் வாயை அடைத்துக்கொண்டு, கம்பளித் துண்டுபோல் தூசி படிந்திருப்பதைக் காணலாம். மேலிருந்து பார்த்தால் தெரியாது. விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கும். ப்ளோயர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் அது தன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். பழைய பேஸ்ட் சுண்ணாம்புபோல் உதிரும். அதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக மெல்லியதாய் இட்டு, திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்குவது முறை. முகூர்த்தமில்லாத ஆடி மாதம் இவ்வேலைக்கு மிகவும் ஏற்ற காலம்.

எல்லா வழக்கமும் நல்வழக்கமாக இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈயமில்லாப் பற்றாசு விதி 2006 ஜூலையில் அமலுக்கு வந்த சில ஆண்டுகளில், சூடேறிக் குளிரும் சுழற்சியால் சில்லுகளின் இணைப்புகள் விரிசல் காணும் நோய் உலகெங்கும் பேசப்பட்டது. பழுதான லேப்டாப் சில்லுகளுக்காக என்விடியா நிறுவனமே 2008-இல் 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. படம் வராத கார்டுக்கு ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டி உயிர்ப்பிக்கும் வித்தை அக்காலத்தில் பரவிற்று. சில வாரம் ஓடும், பிறகு நிற்கும். அதற்குக் கூலி வாங்கியது நியாயமில்லை என்றே சொல்வேன்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை ஏறினால் இந்த உஷ்ணக் கணக்கு சற்று மாறுகிறது. ஏறத்தாழ 600 முதல் 900 மீட்டர் உயரமுள்ள அம்மலையில், சமவெளியைக் காட்டிலும் ஐந்து டிகிரி வரையில் காற்று குளிர்ந்திருக்கும். அங்குள்ள வெள்ளிமலையில் ஒரு கணினியை வைத்தால் அவ்வளவும் லாபம் என்று தோன்றலாம். ஆனால் 900 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அது சுமந்து செல்லும் வெப்பம் குறைந்துபோவதால், கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி மீண்டும் பறிபோகிறது.

2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுக்கு 450 வாட் வேண்டும். முதல் தலைமுறையின் சிறு விசிறிக்குப் பதிலாக, முழங்கை நீள ஹீட்சிங்கும் பல விசிறிகளும் அதைச் சுமக்கின்றன. ஆயினும் அதன் மின் வரம்பை மென்பொருளில் 70 சதவீதமாகக் குறைத்தால் வேகம் சிறிதளவே குறைந்து, அறைக்குள் விழும் வெப்பமோ நூறு வாட்டுக்கு மேல் குறைகிறது. ஏ.சி. இல்லாத அறையில் சித்திரை, வைகாசி வேலையை ஓட்ட வேண்டியவர்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம் இதுவே.