மொரிங்காவும் நம்ம முருங்கையும்

தலைக்கும் முகத்துக்கும் பூச 'மொரிங்கா ஒயில்' எங்கே வாங்கலாம் என்று மாணவிகள் சிலர் கேட்டார்கள். பிள்ளைகளே, அது நம் வளவில் நிற்கும் முருங்கைதான்! அந்தச் சொல்லே முருங்கையிலிருந்து போனது. 1785இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க் வைத்த பெயர் 'மொரிங்கா ஒலெய்பெரா'. பின்சொல்லுக்கு 'எண்ணெய் தருவது' என்று பொருள். நாம் இலையையும் காயையும் கறியாக்கிவிட்டு, எண்ணெய் உள்ள முற்றிய விதையை எறிகிறோம்.

அரபு மண்ணில் வளரும் இன்னொரு முருங்கையின் விதை எண்ணெய் 'துஹ்னுல் பான்'. 9ஆம் நூற்றாண்டு பக்தாத் அறிஞர் அல்-கிந்தியின் பெயரில் வழங்கும் வாசனைத் திரவிய நூலில் அது வருகிறது. அதற்குத் தன் மணம் குறைவு, இலகுவில் கெடாது. அதனால் பூ மணத்தை ஏற்றிப் பூசினார்கள். ஐரோப்பாவில் 'பான்' 'பென்' ஆனது. அந்த எண்ணெயின் கொழுப்பமிலம் ஒன்றுக்கு 'பெஹெனிக்' என்று பெயர். கண்டிஷனர் போத்தலின் பின்பக்கம் 'பெஹென்ட்ரைமோனியம்' இருக்கிறதா பாருங்கள், அதே சொல்லின் வாரிசுதான் (சரக்கு மட்டும் இப்போது பெரும்பாலும் வேறு எண்ணெயிலிருந்து வருகிறது).

பூசினால் முடி வளரும் என்று நான் சொல்லமாட்டேன். காய்ந்த முடியும் தோலும் மெதுமையாகும், அவ்வளவுதான். சத்து வேண்டுமென்றால் இலைச் சுண்டலைச் சாப்பிடுங்கள்.

மதில் கட்ட இடைஞ்சல் என்று ஊரில் முருங்கைகளைத் தறிக்கிறார்கள். தறிப்பவர்கள் ஒரு கொப்பையாவது பாடசாலைத் தோட்டத்துக்குத் தாருங்கள், நட்டுக்கொள்கிறோம்.