கணினியைக் குளிர வைத்தல்

எங்கள் வீட்டில் விளக்கை "அணை" என்று யாரும் சொன்னதில்லை. அம்மா "குளிர வை" என்பார். பாட்டி "மலையேற்று" என்பார். வாயால் ஊதிவிட்டால் அன்றைக்கு வசவுதான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தால் அங்கே விளக்குக்கும் அடுப்புக்கும் "எத்தேந்த்ர்" என்று ஒரே சொல். இன்று பிரெஞ்சில் கணினிக்கும் அதே சொல்தான். எனக்கென்னவோ கணினிக்குப் பாட்டியின் சொல்லே பொருத்தம் என்று படுகிறது.

போன மாதம் என் கணினி மலையேற மறுத்தது. ஷட் டவுன் கொடுத்தால் திரை இருண்டுவிடும். உள்ளே ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், பெட்டியின் விளக்கும் எரியும். பழுது பார்க்க வந்த தம்பி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "ஐயா, இது பத்தொன்பது நாளா ஓடிக்கிட்டே இருக்கு" என்றார். தினமும் இரவு நிறுத்திவிட்டுத்தானே படுக்கிறேன் என்று வாதாடினேன். அவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் பழைய கதை கொஞ்சம் இருக்கிறது.

டாஸ் காலத்தில் கணினியை நிறுத்த முறை என்று ஒன்றும் கிடையாது. வேலை முடிந்து சி பிராம்ப்ட் வந்துவிட்டால் சுவிட்சைத் தட்ட வேண்டியதுதான். மிகப் பழைய ஹார்டு டிஸ்குகளில் மட்டும் "பார்க்" என்று தட்டச்சு செய்து, படிக்கும் முனையை ஓரமாக ஒதுக்கிவிட்டு அணைப்பார்கள். அந்தச் சுவிட்சு நேரடியாக மின்சாரத்தையே வெட்டும். டியூப் லைட் சுவிட்சுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

1993-இல் எம்.எஸ்.டாஸ் 6 வந்தது. அதோடு ஸ்மார்ட் டிரைவ் என்று ஒன்றும் வந்தது. வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. நாம் சேமித்ததை உடனே டிஸ்கில் எழுதாமல் சில விநாடிகள் நினைவகத்தில் வைத்திருந்து, சாவகாசமாக எழுதும். ஆனால் பிராம்ப்ட் மட்டும் உடனே வந்துவிடும். குமாஸ்தா பாஷையில் சொன்னால், கையெழுத்தாகாத கோப்பை "அனுப்பியாயிற்று" என்று பதிவேட்டில் ஏற்றுவது மாதிரி.

1994 தொடக்கத்தில் எங்கள் பிரிவில் ஒரே ஒரு கணினி. ஒரு தினக்கூலி இளைஞர் மூன்று வாரம் உட்கார்ந்து ஊழியர்களின் சேமநிதிக் கணக்கை டிபேஸில் ஏற்றினார். நகல் எடுக்க ஃபிளாப்பி கேட்டு இண்டென்ட் போட்டிருந்தோம், வரவில்லை. கடைசி நாள் மாலை ஆறு மணி தாண்டிவிட்டது. "சேவ் பண்ணிட்டேன் சார், முடிஞ்சுது" என்று எழுந்தார். பிராம்ப்ட் வந்ததை நானும் பார்த்தேன். எனக்குக் கடைசி பஸ் கவலை. வாசலோரம் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன்.

மறுநாள் காலை கோப்பு திறக்கவில்லை. செக் டிஸ்க் போட்டுப் பார்த்ததில் பெயரில்லாத துண்டுகளாக வந்தது. அவர் "சேவ் பண்ணினேன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. பையன் மறந்திருப்பான், பயத்தில் மழுப்புகிறான் என்றே நினைத்தேன். விளக்கம் கேட்டு மெமோ போனது. அதைத் தட்டச்சு செய்தவன் நான். அடுத்த மாதம் அவருடைய தினக்கூலி நீட்டிக்கப்படவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் ஆசிரியர் இதே ஸ்மார்ட் டிரைவ் சங்கதியை விளக்கினார். நிறையப் பேருக்கு இப்படிக் கோப்பு போனதால், 1993 கடைசியில் வந்த 6.2-இல், எழுதி முடித்த பிறகே பிராம்ப்ட் வரும்படி மாற்றிவிட்டார்களாம். எங்கள் கணினியில் இருந்தது பழைய 6. எனக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "பழசை எதுக்கய்யா கிளறுறீங்க" என்றார். வில்லியனூரில் அந்த இளைஞர் குடியிருந்த தெருவுக்குப் போனேன். வீடு மாறிப் போயிருந்தார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

1995 ஆகஸ்ட் 24-இல் வெளியான விண்டோஸ் 95-க்கு எங்கள் அலுவலகம் மாறச் சில வருடம் ஆயிற்று. அதில்தான் முறையாக விடைபெறும் வழக்கத்தைப் பார்த்தேன். ஷட் டவுன் கொடுத்தால் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் "இனி அணைக்கலாம்" என்ற பொருளில் ஒரு வரி வரும். அது வெறும் படக்கோப்புதான். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அதை எடுத்துவிட்டு முருகன் படத்தை வைத்திருந்தார். அதன்பிறகும் சுவிட்சைத் தட்ட வேண்டியது நாம்தான்.

அதே 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ் அமைப்பு அந்தப் பொறுப்பையும் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டது. முன்பக்கப் பொத்தான் மின்சாரத்தை வெட்டுவதில்லை, மதர்போர்டுக்குத் தகவல் மட்டும் சொல்கிறது. "அணைந்த" பிறகும் ஐந்து வோல்ட் உள்ளே காத்திருக்கும். கணினி தானே அணையும் சௌகரியம் இதனால் வந்தது. அணையாமல் அடம்பிடிக்கும் வியாதியும் கூடவே வந்தது.

விண்டோஸ் 98 இதில் பேர்போனது. சீக்கிரம் அணையட்டும் என்று அதில் ஒரு வசதி வைத்தார்கள். சில கணினிகளில் அதுவே தொண்டையில் சிக்கிய முள்ளானது. இரண்டாம் பதிப்புக்கு அணைப்புக் கோளாறுக்கென்றே தனியாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. விடைபெறும்போது ஒலிக்கும் இசைக்கோப்பு கெட்டிருந்தாலும் கணினி அணையாமல் நின்றுவிடும் என்று மைக்ரோசாஃப்டே எழுதிவைத்திருந்தது. மங்களம் பாட வராததால் கச்சேரி முடியாத கதை!

இப்போது தம்பி சிரித்த விஷயம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நம் வேலைகளை மூடும், ஆனால் கெர்னல் எனும் மூலப்பகுதியை மூடாமல், இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதிவைத்துத் தூங்கப்போகும். மறுநாள் அதையே எழுப்பிவிடும். அதனால்தான் பத்தொன்பது நாள் கணக்கு. இந்தத் தூக்கத்துக்கு ஏதாவது டிரைவர் ஒத்துழைக்காவிட்டால் திரை இருண்டு ஃபேன் ஓடும். ரீஸ்டார்ட்தான் உண்மையில் முழுதாக மூடித் திறப்பது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக மூடும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பொத்தான் என்ன செய்யவேண்டும் என்ற இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிட்டால் நிரந்தரமாகத் தீரும். எனக்குத் தீர்ந்தது. முன்பொத்தானை நான்கு விநாடி அழுத்தி நிறுத்துவது வேறு வழியே இல்லாதபோது மட்டும். அது வாயால் ஊதுவதற்குச் சமம்.

இப்போதெல்லாம் ஃபேன் நின்று, பெட்டியின் விளக்கும் போனபின் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் சுவர் சுவிட்சில் கை வைக்கிறேன். அவசியமே இல்லை என்கிறார் தம்பி. இருக்கட்டும், எண்ணிக்கொள்கிறேன்.