மலைக்கு வந்த கம்பி

கண்டி மாநகரிலிருந்து வத்தேகம வழியாகச் செல்லும் பாதை, தேயிலைச் சரிவுகளிடையே வளைந்து ஏறிப் பன்வில ஊரை அடைகின்றது. இத்தகைய மலையூர்களுக்குத் தலைநகரம் எத்துணைத் தூரம்? மைற்கற்கள் மாத்திரம் அதனைக் கூறிவிடா. பேசுவதற்குக் கம்பி உண்டா என்பதும் கூறும்.

இலங்கையின் முதல் தந்திக் கம்பி 1858ஆம் ஆண்டில் கொழும்பையும் காலியையும் இணைத்தது. 1880இல் கொழும்புக்குத் தொலைபேசி வந்தது. பின்னர் அது மலைத்தோட்டங்களை எட்டியபோது துரையின் பங்களாவிலும் காரியாலயத்திலுமே ஒலித்தது. லயங்களில் வாழ்ந்தோர்க்கு அது அயல்வீட்டு மணியோசையே.

1990ஆம் ஆண்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அபய இந்துருவ அவர்கள் முன்னின்று அமைத்த 'லேர்ன்மெயில்', அதே தொலைபேசிக் கம்பியிற் கணினிக் கடிதங்களை அனுப்பியது. கடிதங்களைச் சேர்த்து வைத்து, இடையிடையே மறுமுனையை அழைத்து, ஒருங்கே அனுப்பினர். 1995இல் இணையம் வணிகச் சேவையாயிற்று.

வீட்டிலிருந்தே அலுவல் பார்க்கும் வழியும் இத்தகைய அழைப்பினாலேயே திறந்தது. வீட்டுக் கணினியின் எண்களை 'மோடம்' என்னும் கருவி ஒலியாக்கி அனுப்பும்; அலுவலகத்து மோடம் அதனை மீண்டும் எண்களாக்கும். அங்கு வாயிற்காவலன்போல் நிற்பது 'ரவுட்டர்'. அது பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். சில அலுவலகங்களில், அழைப்பைத் துண்டித்துவிட்டு, முன்னரே பதிந்துள்ள எண்ணுக்குத் தானே திரும்ப அழைக்கும். வேற்றாள் நுழைவதும் கடினம். அழைப்புச் செலவும் ஊழியரைச் சாராது.

ஆயினும், கம்பியே இல்லாதவர் யாரை அழைப்பது? இவ்வினாவுக்குக் கண்டிக்குத் தெற்கே கொத்மலையில் ஒரு விடை பிறந்தது. யுனெஸ்கோவின் உதவியுடன் 1999இல் அங்குள்ள சமுதாய வானொலி நிலையத்துக்கு இணையம் வந்தது. மக்கள் ஐயங்களைக் கேட்டனுப்பினர்; நிலையத்தார் இணையத்தில் தேடி, விடையை வானொலியிற் கூறினர். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினிகள் வைக்கப்பட்டன. ஓரிடத்து இணைப்பு ஊரார் பலருக்கும் பயன்பட்டது.

அழைத்து இணையும் மோடம் இன்று அருகிவிட்டது. ஆனால், 2020இல் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலையகப் பிள்ளைகள் பலர் அலைபேசியின் அலை தேடி மேடுகளில் ஏறினர். கருவி மாறினும் பழைய வினா மாறவில்லை. கம்பி துரையின் பங்களாவை எட்டியதை மலைக்கு எட்டியதாகக் கணக்கிட்ட காலம் ஒன்று இருந்தது. லயத்துப் பிள்ளையின் கைக்கும் எட்டினாலன்றோ அது மலைக்கு வந்ததாகும்?