2015: ஒரே ஆண்டில் மறைந்த ஐந்து பேர்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி மக்களிடம் 2015 என்றால் என்ன நினைவு வருகிறது என்று கேட்டால், பெரும்பாலானோர் "வெள்ளம்" என்றுதான் சொல்வார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் மட்டும் 47 செ.மீ. மழை பதிவானது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் போன்ற ஏரிகளின் உபரி நீரும் வந்து சேரும் இடம் செம்பரம்பாக்கம் ஏரி. அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்து விடப்பட்டதாக அரசுக் கணக்கு சொல்கிறது. கார் ஆலைகள் சில நாட்கள் உற்பத்தியை நிறுத்தின. தண்ணீர் வடிந்தபோது ஆண்டும் முடிந்துவிட்டது.

ஆனால் அந்த வெள்ளத்துக்கு முன்பே, எட்டு மாதங்களுக்குள், தமிழகம் தன் கலை, அறிவியல் துறைகளின் ஐந்து பெரிய மனிதர்களை இழந்திருந்தது. முதலில் அந்த வரிசையைப் பார்ப்போம்.

ஏப்ரல் 8 - எழுத்தாளர் ஜெயகாந்தன், வயது 80.
ஏப்ரல் 29 - ஓவியர் கோபுலு, வயது 90.
ஜூலை 14 - இசையமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதன், வயது 87.
ஜூலை 27 - விஞ்ஞானி அப்துல் கலாம், வயது 83.
அக்டோபர் 10 - நடிகை மனோரமா, வயது 78.

ஒரே ஆண்டில் இத்தனை பேரா என்று தோன்றலாம். இதில் விதியின் விளையாட்டு ஒன்றும் இல்லை. ஐவரும் 1924க்கும் 1937க்கும் இடையில் பிறந்தவர்கள். சுதந்திரத்துக்குப் பின் வந்த இருபது ஆண்டுகளில் வேலைக்கு வந்து பெயர் பெற்ற தலைமுறை அது. அந்தத் தலைமுறை எண்பதைத் தொடும்போது இழப்புகள் அடுத்தடுத்து வரத்தான் செய்யும். கவனிக்க வேண்டியது அவர்கள் ஒரே ஆண்டில் போனதை அல்ல, அவர்கள் மேலே வந்த வழியைத்தான்.

எங்கிருந்து வந்தார்கள்?

கடலூரில் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சிறுவனாகச் சென்னைக்கு வந்து கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தார். அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தார். தோழர்களின் பேச்சும் புத்தகங்களும்தான் அவருக்குக் கல்லூரி. அந்த மனிதருக்குத்தான் பிறகு சாகித்ய அகாதெமி விருதும், 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதும் கிடைத்தன. அகிலனுக்குப் பிறகு ஞானபீடம் பெற்ற இரண்டாவது தமிழ் எழுத்தாளர் அவர்.

பாலக்காடு அருகே எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.வி. சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். கோவையில் ஜூபிடர் பிக்சர்ஸ் நிறுவனத்தில் எடுபிடி வேலை பார்த்த பையன், அங்கேயே இசைக் கூடத்துக்குள் நுழைந்து வாத்தியம் வாசிப்பவரானார். பின்னர் ராமமூர்த்தியோடு சேர்ந்து 1965 வரை தமிழ்த் திரையிசையை ஆண்டார். இன்று அரசு விழாக்களில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்தவரும் அவரே.

மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா, தாயோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்தார். தாய் வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். படிப்பு பாதியில் நின்றது. நாடக மேடையில் அவர் மனோரமா ஆனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.

தஞ்சாவூர்க்காரரான கோபுலு கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். ஆனந்த விகடனில் ஓவியர் மாலியின் வழிகாட்டலில் வளர்ந்தார். பிற்காலத்தில் பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தபோது இடக்கையால் வரைந்து பழகினார்!

கலாமின் கதை எல்லோரும் அறிந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது என்றானபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளை எடுத்து விநியோகிக்க உதவிய சிறுவன் அவர். சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் சேரப் பணம் போதாதபோது அக்கா சோஹரா தன் நகைகளை அடகு வைத்தார். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது அதன் திட்ட இயக்குநர் அவர்தான்.

ஒருவரோடு ஒருவர்

இந்த ஐவரும் தனித்தனி மரங்கள் அல்ல. வேர்கள் பின்னிக் கிடந்தன.

மனோரமா தமிழ்த் திரைக்கு அறிமுகமான 'மாலையிட்ட மங்கை' (1958) படத்துக்கு இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குப் படம் வரைந்தவர் கோபுலு. அதில் வந்த ஜில்ஜில் ரமாமணிக்கு 1968இல் திரையில் உயிர் கொடுத்தவர் மனோரமா. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1977இல் படமானபோது இசை எம்.எஸ்.வி.

கலாம் மட்டும் இதில் சேராதவர் போலத் தெரியும். ஆனால் அவருடைய 'அக்னிச் சிறகுகள்' நூலில் ஒரு செய்தி இருக்கிறது. எம்.ஐ.டி.யில் படித்தபோது தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி நடத்தியது. நம் விமானத்தை நாமே செய்ய வேண்டும் என்ற பொருளில் அவர் தமிழில் எழுதி முதல் பரிசு வாங்கினார். பரிசு கொடுத்தவர் விகடன் ஆசிரியர் தேவன். அந்தத் தேவனின் 'துப்பறியும் சாம்பு' படக்கதையாக வந்தபோது வரைந்தவர் கோபுலு!

ஆக, ராக்கெட் விஞ்ஞானியையும் நகைச்சுவை நடிகையையும் இரண்டு மூன்று கண்ணிகளில் இணைத்துவிடலாம். இது எப்படிச் சாத்தியமானது? வார இதழ், நாடகக் குழு, அச்சகம், ஸ்டுடியோ, தமிழ்ச் சங்கம் ஆகியவை அன்று எல்லோரும் ஏறக்கூடிய ஏணிகளாக இருந்தன. சான்றிதழ் கேட்கவில்லை. தமிழ் தெரிந்தால் போதும். திறமையைப் பார்த்து ஒருவர் கை கொடுத்தால் அடுத்த படியில் ஏறலாம். பொறியியல் மாணவர் எழுதியதைக்கூட ஒரு நகைச்சுவை எழுத்தாளர் படித்துப் பாராட்டினார்.

எந்த மரணம் பெரிது?

1963 நவம்பர் 22 அன்று எழுத்தாளர்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி.எஸ்.லூயிஸும் இறந்தனர். அதே நாளில் கென்னடி சுடப்பட்டதால் உலகம் அவர்களைக் கவனிக்கவில்லை. 2015இலும் இதன் சாயல் உண்டு. எம்.எஸ்.வி. மறைந்த 13ஆம் நாள் ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே கலாம் சரிந்தார். நாடு ஏழு நாள் துக்கம் கடைப்பிடித்தது. அது நியாயமே. ஆனால் பத்ம விருது எதுவும் பெறாமலே போன எம்.எஸ்.வி.யைப் பற்றிய பேச்சு அதோடு அடங்கியது. கோபுலுவின் மறைவு பலருக்குத் தெரியவே இல்லை.

ஏணிகள் இன்று?

ஐவரும் ஏறிவந்த ஏணிகளில் பல, அவர்களுக்கு முன்பே போய்விட்டன. ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுக்கள் இல்லை. கையால் எழுத்துக் கோர்க்கும் அச்சகம் இல்லை. மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்த பெரிய ஸ்டுடியோக்கள் இல்லை.

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் பேருந்தில் ஏறும் இளைஞர்களில் டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்கள் ஏராளம். படிப்பில் அவர்கள் ஜெயகாந்தனையும் மனோரமாவையும் விட மேல். ஆனால் அவர்களில் கதை எழுதுகிறவரை, மெட்டுப் போடுகிறவரை, இயந்திரத்தைத் திருத்தி யோசிக்கிறவரைப் பார்த்து "இங்கே வா" என்று சொல்ல ஒரு இடம் வேண்டும். ஆலைக்குள் ஒரு தமிழ்ச் சங்கமோ, ஊரில் ஒரு நல்ல நூலகமோ, ஒரு சிறு பத்திரிகையோ அந்த இடமாகலாம். இதற்குப் பெரிய செலவும் ஆகாது. குரோம்பேட்டையில் நடந்ததும் ஒரு கட்டுரைப் போட்டிதான்.

அந்த டிசம்பர் வெள்ளத்தில் ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போக முடியாததால், 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் ஒரு நாள் அச்சாகவில்லை. மறுநாள் பத்திரிகை வந்துவிட்டது. வெள்ளம் வடிந்ததும் ஆலைகளும் ஓடின. நின்றுபோனவற்றை மறுபடி ஓட வைக்க நமக்குத் தெரியும். போன ஐவரும் திரும்பி வரமாட்டார்கள். அவர்களைப் போன்றவர்கள் மீண்டும் வருவது, நாம் போடும் ஏணியைப் பொறுத்தது.